பழஞ்சோறும் அடைக்கோழியும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் இலக்கியத்தையோ சமயத்தையோ கல்லூரி வரலாற்றையோ பொருளாகக் கொள்வது மரபு. அவற்றை எழுத வல்லார் பலர் உளராதலின், யாம் அடுக்களையிலும் வளவிலும் கிடந்த இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று பழஞ்சோற்றுப் பானை, மற்றையது அடைக்கோழி. இவ்விரண்டுக்கும் யாது தொடர்பு என வினவும் அன்பர் சற்றே பொறுத்தருள்க.

யாழ்ப்பாணத்து வீடுகளிலே இரவு மிஞ்சிய சோற்றை ஆறவிட்டு, அது மூழ்க நீரூற்றி மூடிவைப்பர். விடியுமுன் அந்நீர் சிறிது புளித்துவிடும். காலையிலே சோற்றைப் பிழிந்தெடுத்து, தயிரோ தேங்காய்ப்பாலோ விட்டு, சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, முன்னாட் கறிச்சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்துக் கூட்டித் தாய் குழைத்துத் திரளை திரளையாய்க் கையிலே வைப்பாள். அவளைச் சூழ இருந்து உண்டவர்களுட் பலர் இம்மலரைப் படிக்கும் மூத்த பழைய மாணவராயிருப்பர். மொட்டைக்கறுப்பன் சோறாயின் அதன் சுவையே வேறு. பாண் வந்து காலையுணவாய் அமர்ந்தபின், பழஞ்சோறு வறியவர் உணவென்று ஒதுக்கப்பட்டது. வீட்டில் அதை உண்டு, வெளியிலே பாண் உண்டதாகச் சொன்னவர்களும் உளர்.

அப்பானையுள் இரவு முழுதும் நிகழ்வது ஓர் இடம்பிடிக்கும் போர். சோற்றிலும் நீரிலும் பாத்திரத்திலும் உள்ள பற்றீரியாக்கள் பல அங்கே குடியேற முயல்கின்றன. அவற்றுள் இலற்றிக்கமிலத்தை ஆக்கும் இனங்கள் வெல்லத்தை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் மிக மிக, அதனைத் தாங்கமாட்டாத ஏனையவை ஒடுங்கிப்போகின்றன. நாம் புளிப்பென்று நாவாற் சுவைப்பது, அவை தம் வளவைச் சுற்றி அடைத்த முள்வேலியே.

பனையிலே முட்டி கட்டுவோர் இப்போரை வேறொரு வகையால் அறிவர். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிய கருப்பநீர். பூசாது விட்டால் அதே பாளையிலிருந்து பெறுவது கள். சுண்ணாம்பின் காரம் மதுவங்களையும் பற்றீரியாக்களையும் அடக்கிவிடுகின்றது. கள்ளென்றாலே முகஞ்சுளித்த வீடுகள் சிலவற்றிலும் அப்பமா புளிப்பதற்காக அக்கள்ளிலே சிறிது இரகசியமாய் வந்து சேர்ந்தது. அஃது அப்பத்துக்கு மாத்திரம் அளிக்கப்பட்ட விதிவிலக்கு என்க.

நிற்க, கோழிக்கு வருவோம். சேவலைக் கொடியிலே உயர்த்திய நம்மவர் பேட்டின் வீரத்தைப் போற்ற மறந்தனர். நெற்கதவு திறந்தால் ஓடி ஒளிக்கும் அதே பேடு, அடைக்கு இருந்துவிட்டாற் பிறிதொரு பிராணியாகிவிடும். 21 நாள் அளவும் அஃது இரைக்காக எழுவது சிறுபொழுதே. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்து, உடலை இருமடங்காக்கி, உறுமுவது போன்றதோர் ஒலியை எழுப்பும். அதனையும் பொருட்படுத்தாது கையை நீட்டுவோர் தம் கையிலே இரத்தம் காண்பர். குஞ்சு பொரித்தபின் பிராந்து தாழப் பறந்தால் அதன்மேலும் பாயும். வீட்டு நாய் வேலியோரமாய்ச் சுற்றிப் போகப் பழகிக்கொள்ளும்.

இக்கடுமை பகைவர்மேல் மட்டுமன்று, தம்மினத்தார்மேலும் உண்டு. நோர்வே நாட்டவரான சியெல்டெருப் எப்பே என்பார் இளமை தொட்டுக் கோழிகளை உற்றுநோக்கி, அவற்றிடையே ஒரு கொத்தும் வரிசை உண்டென்று 1920களின் தொடக்கத்திலே எழுதினார். மேலுள்ளது கொத்தும், கொத்துண்டது திருப்பிக் கொத்தாது தனக்குக் கீழுள்ளதைத் தேடிப்போகும். (அரசாங்க அலுவலகங்களிலே பணியாற்றிய அன்பர்களுக்கு இதனை விரித்துரைத்தல் மிகை.) சந்தையில் வாங்கிய புதுக்கோழியின் பாடு சொல்லுந்தரமன்று. அதனைச் சில நாள் காலிற் கயிறிட்டுக் கட்டிவைத்துப் பழக்குவர். ஒரு துளி இரத்தம் தெரிந்தால், கூட்டம் முழுவதும் அவ்விடத்தையே குறிவைத்துக் கொத்தும்.

இனித் தொடர்பைச் சொல்வோம். 1971ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டின் இறைச்சிக் கோழிகளிடையே சல்மொனெல்லா என்னும் பற்றீரியா பரவிற்று. பொறியிலே பொரித்த குஞ்சுகள் தாயைக் காணாதவை. ஆதலால் அவற்றின் குடல் ஆளில்லா வீடு போல வெறுமையாய்க் கிடந்தது. நூர்மி, ரந்தலா என்னும் இருவர், நோயற்ற வளர்ந்த கோழியின் குடலுள் இருந்தவற்றை அக்குஞ்சுகளுக்கு ஊட்டினர். ஊட்டப்பெற்றவற்றுட் பெரும்பாலானவை சல்மொனெல்லாவை எதிர்த்து நின்றன. முன்னரே குடியிருப்போர் புதிதாய் வருவதற்கு இடங்கொடுப்பதில்லை என்ற இவ்வுண்மையை அவர்கள் 1973இலே 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். தாய்க்கோழி கிளறிய மண்ணிலே குஞ்சு கொத்தித் திரியும்போது, அவள் சொண்டினாற் காத்தது போக, அவளறியாது கொடுத்த காவலொன்றும் அதற்குக் கிடைத்துவிடுகின்றது.

மனிதர் குடலுக்கு இதனை அப்படியே பொருத்துதல் தவறாகும். புளித்த உணவோடு உட்செல்லும் பற்றீரியாக்களுட் பெரும்பாலன அங்கே நிலைத்திருப்பதில்லை. வந்து போகும் விருந்தினரே அவை. தோசையோடு உயிருள்ளனவாய்ச் செல்லும் என்று கருதுவதும் பொருந்தாது. கல்லிலே அவை வெந்துவிடும். ஆயினும் 2021இலே அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வு சிந்திக்கத்தக்கது. நலமுள்ள 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் 10 வாரம் தயிரும் புளித்த மரக்கறிகளும் போன்றவற்றை மிகுதியாய் உண்ணச் செய்தனர். அவர்தம் குடலிலே பற்றீரியா வகைகள் பெருகின. இரத்தத்திலே அழற்சியைக் காட்டும் புரதங்கள் பல குறைந்தன. 36 பேர் சிறு தொகையே. ஆகவே பழஞ்சோறு சர்வரோக நிவாரணி என முழங்குவோரோடு யாம் சேரோம். எனினும், பானையையும் கோழிக்கூட்டையும் வீட்டை விட்டு அகற்றியபின், அதே பற்றீரியாவைக் குளிசையாக விலைகொடுத்து வாங்க மருந்துக்கடையில் நிற்பது எமக்குச் சிரிப்பையும் துயரையும் ஒருங்கே தருகின்றது.

மீண்டும் பானை வைக்க எண்ணும் இளைஞருக்கு ஒன்று கூறுவோம். சோற்றை நெடுநேரம் சூட்டோடு வெளியிலே விடலாகாது. வேகவைத்தும் மடியாத வித்திகள் சில அதிலே முளைத்து நஞ்சை ஆக்கும், அந்நஞ்சு மீளச் சுடவைத்தாலும் அழியாது. ஆறியவுடன் நீரூற்றுக, காலையிலேயே உண்க, வழுவழுப்போ தீநாற்றமோ கண்டாற் கொட்டுக. கைக்குழந்தைக்கும் நோயால் மெலிந்தோர்க்கும் இது வேண்டாம். குளிர்நாடுகளிலே வாழும் பழைய மாணவர், மின்விளக்கு எரியும் போறணைக்குள் தோசைமா வைத்துப் புளிக்கச் செய்வதாய்க் கேள்வியுற்றோம். பழஞ்சோற்றுக்கும் அவ்வுபாயம் உதவலாம்.

உண்டு முடிந்ததும் பானை கழுவிய நீரைக் கிணற்றடிக்கு அப்பால் ஊற்றுவர். சோற்றுப் பருக்கை கண்ட தாய்க்கோழி குஞ்சுகளைக் கொக்கரித்து அழைக்கும். அவை உண்டு தீருமளவும் அயல்வீட்டுக் கோழி அப்பக்கம் தலைகாட்டாது.