கடைசியில் தொட வேண்டிய திருகு

இருசக்கர வண்டிப் பட்டறைகளில் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில் என் கண்ணில் முதலில் பட்ட வேற்றுமை இது: கைதேர்ந்த மெக்கானிக் கார்புரேட்டரின் மிக்ஸிங் திருகைக் கடைசியில் தொடுகிறார்; கை தேறாதவர் அதிலிருந்துதான் தொடங்குகிறார். டிவிஎஸ் எக்ஸெல் ஆகட்டும், பழைய ஸ்ப்ளெண்டர் ஆகட்டும், "ஐடிலிங் நிக்கலைண்ணே, சிக்னல்ல ஆஃப் ஆயிடுது" என்றுதான் வந்து நிற்கும். திருப்புளியை எடுத்து அரைச் சுற்று திருகி உடனே அனுப்பிவிட வேண்டும் என்பது வண்டிக்காரரின் எதிர்பார்ப்பு. பல இடங்களில் நடப்பதும் அதுவே. அந்த அரைச் சுற்றில் வண்டி அன்றைக்கு ஓடும். பத்து நாளில் திரும்பி வரும். ட்யூனிங் என்ற வேலையின் பெரும்பகுதி திருகைத் தொடுவதற்கு முன் நடக்கும் விசாரணைதான் என்பதும், அந்த விசாரணைக்கு நாம் கூலி கொடுப்பதில்லை என்பதுமே நான் இங்கே சொல்ல வருவது.

கார்புரேட்டர் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஞ்சின் உறிஞ்சும் காற்று ஒடுங்கிய தொண்டை ஒன்றின் வழியே போகிறது. ஒடுங்கிய இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஜெட் துளை வழியே மேலேறிச் சிதறிக் காற்றோடு கலக்கும். 1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் உருவாக்கிய இந்தத் தெளிப்பு முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். சிக்கல் என்னவென்றால், இந்தக் கணக்கைக் குலைக்கும் காரணங்களில் பாதி கார்புரேட்டருக்கு வெளியே இருக்கின்றன. ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வளையம் வெடித்தால் அந்த வழியே கள்ளக்காற்று புகுந்து கலவை மெலியும். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி இறுகிப்போனால் வால்வு சரியாக மூடாது. உள்ளே மிதவையோடு ஏறி இறங்கும் நீடிலின் நுனி தேய்ந்தால் பெட்ரோல் மட்டம் உயர்ந்துகொண்டே போகும். காரணம் எதுவானாலும் வண்டிக்காரர் வாயிலிருந்து வருவது ஒரே புகார்தான்: ஐடிலிங் சரியில்லை.

அதனால்தான் நல்ல பட்டறையில் வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள். நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. வெளுத்திருந்தால் காற்று மிகை. அடுத்து ஃபில்டர், அதன்பின் டேப்பட். பிறகு இஞ்சினை ஓடவிட்டு இணைப்பு வளையத்தைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறார்கள். சத்தம் மாறினால் காற்று கசிகிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் கார்புரேட்டர் கழற்றப்படுகிறது. சுத்தம் செய்து மாட்டி, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மிக்ஸிங் திருகை மெல்லத் திருகி, இஞ்சின் மிக வேகமாக ஓடும் புள்ளியைக் காதால் பிடித்து, அதன்பின் ஐடிலிங் திருகால் வேகத்தை இறக்குகிறார்கள். இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. திருகு ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இது தெரியாமல் திருகுகிறவர் நோய்க்கு நேர் எதிரான மருந்தைக் கொடுக்கிறார்.

ஜெட்டைச் சுத்தம் செய்யும் முறையை வைத்தே ஒரு பட்டறையின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அடைப்பு எடுக்க கிளட்ச் கேபிளின் கம்பி இழையை விட்டுக் குடைவது பரவலான பழக்கம். ஜெட் பித்தளை, இழை எஃகு. குடையக் குடைய துளை பெருக்கும். 0.40 மி.மீ. துளை 0.44 ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விட்டம் பத்து சதவீதம் கூடினால் துளையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதன்பிறகு எந்தத் திருகாலும் அந்தக் கார்புரேட்டரைச் சரிக்கட்ட முடியாது. கிளீனர் அடித்து ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதி எடுப்பதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் காசு இல்லை என்பதால்தான் கம்பி உள்ளே போகிறது.

வண்டிக்காரர் தரப்பிலிருந்து வரும் மறுப்பு ஒன்று உண்டு. "எனக்கு மைலேஜ் வந்தால் போதும், திருகி வைத்தாலே வருகிறதே" என்பார்கள். மிக்ஸிங் திருகின் அதிகாரம் ஐடிலிங்கில் தொடங்கி ஆக்சிலேட்டரைக் கால் பங்கு திருகுவதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசியும், முழுதாகத் திருகினால் மெயின் ஜெட்டும்தான் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கின்றன. வண்டியை விரட்டி ஓட்டும்போது செலவாகும் பெட்ரோலுக்கு இந்தத் திருகு பொறுப்பில்லை. கலவையை அளவுக்கு மேல் மெலிய வைத்தால் இஞ்சின் சூடாகும், பிக்கப் போகும். ஓட்டுகிறவர் இன்னும் முறுக்குவார், சேமித்ததாக நினைத்தது அதில் போய்விடும். இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் கச்சிதமாக வைத்த வண்டி மேலே போனால் பெட்ரோல் மிகையில் திணறும். அதில் பழுது எதுவும் இல்லை.

படித்தவர்கள் சொல்லும் மறுப்பு வேறு. காதும் கண்ணும் ஆளுக்கு ஆள் மாறும், கருவி வைத்து அளப்பதே அறிவியல் என்கிறார்கள். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு இத்தனை சதவீதம் என்று எண்ணில் வருவதைக் காதால் சொல்ல முடியாது. ட்யூனிங் செய்யும் இடத்திலேயே அந்தக் கருவி இருந்தால் மிக நல்லது. ஆனால் அளவு கூடியிருக்கிறது என்று சொல்வதோடு கருவி நின்றுவிடும். அடைபட்ட ஃபில்டரா, தேய்ந்த நீடிலா, முழுதாகத் திறக்காத சோக்கா என்று பிரித்தறிவது கழற்றிப் பார்க்கும் கையின் வேலை. எண் மட்டும் வேண்டுமென்றால், பரிசோதனைக்கு முன் திருகைத் திருகி எண்ணைக் குறைத்துவிட்டு, சான்றிதழ் வாங்கியதும் பழையபடி வைத்துக்கொள்ளலாம். அதில் காற்றுக்கு என்ன நன்மை?

மூன்றாவது மறுப்புதான் எடை மிக்கது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி வந்துவிட்டது. எக்ஸெல்லும் ஸ்ப்ளெண்டரும்கூட ஃப்யூவல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டன. சாகப்போகும் தொழிலுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். புது வண்டிகளைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் காய்கறி மூட்டையும் பால் கேனும் தண்ணீர்க் குடமும் சுமந்து இன்றும் ஓடும் எக்ஸெல்களில் அந்த விதிக்கு முந்தியவை ஏராளம். அவற்றை விற்றுவிட்டுப் புதியது வாங்கும் நிலையில் அவற்றின் சொந்தக்காரர்கள் இல்லை. மருந்து தெளிக்கும் இயந்திரம், களைவெட்டி, சிறு ஜெனரேட்டர் எல்லாம் பெரும்பாலும் கார்புரேட்டரில்தான் ஓடுகின்றன. மேலும், இந்தத் தொழிலின் தேவை இப்போதுதான் கூடியிருக்கிறது. பம்புகளில் இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது எரிய எடைக் கணக்கில் ஏறத்தாழ 13.5 பங்கு காற்று போதும். பழைய ஜெட் இதை அறியாது, பழைய அளவிலேயே ஊட்டும், கலவை மெலியும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், நாள்கணக்கில் நின்ற வண்டியின் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கும், உலோகத்தில் வெண்மையாகப் படிவு பூக்கும். பழைய ரப்பர் பாகங்கள் உப்பிப்போகும். கம்ப்யூட்டர் இல்லாத வண்டியில் இதையெல்லாம் கண்டு ஈடுகட்ட வேண்டியவர் மெக்கானிக் ஒருவர்தான்.

அந்த மெக்கானிக்குக் கூலி எப்படிக் கணக்காகிறது என்று பார்த்தால் தொழில் ஏன் தேய்கிறது என்பது விளங்கும். பாகம் மாற்றினால் பில்லில் ஒரு வரி ஏறும், அதோடு கூலியும் ஏறும். ஒன்றரை மணி நேரம் தேடி, வெடித்த வளையத்தைக் கண்டுபிடித்து, சில்லறைக் காசில் சரிசெய்தவரிடம் "இதுக்குப் போயா இவ்வளவு?" என்று கேட்கிறோம். நல்ல கார்புரேட்டரையே கழற்றிப் போட்டுப் புதிதை மாட்டுகிறவருக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். விசாரிக்கிறவர் நட்டப்படுகிறார், விசாரிக்காதவர் சம்பாதிக்கிறார். பக்கத்தில் நிற்கும் உதவிப் பையன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். எந்த வழியைக் கற்றுக்கொள்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெக்கானிக்குகளின் நேர்மையைக் குறைசொல்லி இதைத் தீர்க்க முடியாது. கூலி முறை மாறவேண்டும்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். பாகம் எதுவும் மாற்றாமல் சரிசெய்து கொடுத்தாலும், தேடிய நேரத்துக்குக் கூலி கேட்டு, அதைக் கொடுங்கள். வண்டியை முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டுவிட்டு வாருங்கள். டேப்பட்டை ஆறிய இஞ்சினில்தான் அளக்க முடியும். காலையில் முதல் உதையில் வண்டி கிளம்புகிறதா என்பதும் இரவு முழுக்க ஆறிய இஞ்சினில்தான் தெரியும்.