எந்த அடுக்கில் கிடந்தது?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடர், பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய சார்னகைட், நைஸ் பாறைகளால் ஆனது. அதில் கல்லாய் உறைந்த கடல் நத்தையைத் தேடிப் பயனில்லை. விருதுநகர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லும் வெப்பத்தில் உருமாறிப் படிகமாகிவிட்டது. அதில் உயிர்களின் தடம் அழிந்துபோயிற்று. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அப்படி வேகாதது. ராஜபாளையத்தில் வேர்கொண்ட ராம்கோ நிறுவனம் இரண்டு வட்டாரங்களிலும் சிமெண்ட் ஆலை நடத்துகிறது. சூளைக்கு இரண்டும் சுண்ணாம்புதான். தொல்லுயிர் ஆய்வாளருக்கோ ஒன்று எழுத்தழிந்த ஏடு, மற்றொன்று இன்னும் படிக்கக்கூடியது. கல்லிலிருந்து பழைய ஓடுகளை எடுத்து இனம்பிரிக்கும் கைவேலையைத் தென்மாவட்டத்து வாசகர்கள் காண அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம்தான் போகவேண்டும். அங்கே நான் கண்டவற்றிலிருந்து சொல்ல விரும்புவது ஒன்றே: புதிய இனத்துக்குப் பெயர் வைப்பது இந்த வேலையின் கடைசிப் படி, அதன் உயிர்நாடி, கல்லை எந்த அடுக்கிலிருந்து எடுத்தோம் என்ற குறிப்பு.

பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்னும் ஊரின் ஓடைகளில் நடந்தால் இது விளங்கும். மழை மண்ணை அரித்து ஓடுகளைக் கீழே உருட்டிவிடுகிறது. பல காலத்து உயிர்கள் ஓடையடியில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அங்கே பொறுக்கிய அழகான ஓட்டைவிட, மேட்டில் அடுக்கோடு ஒட்டியிருக்கும் உடைந்த துண்டுக்கு மதிப்பு அதிகம். ஆகவே தேர்ந்த களப்பணியாளர் சுத்தியலை ஓங்குமுன் இடத்தையும் அடுக்கையும் எழுதி, படமெடுத்து, எண் இடுகிறார். பிறகுதான் மேசை வேலை. ஊசியாலும் தூரிகையாலும் கல்லை நீக்கி, அம்மோனியம் குளோரைடு புகையால் ஓட்டை வெண்மையாக்கிப் படமெடுத்தால் நுண்வரிகள் எழுந்து தெரியும். சுருள்கள் எத்தனை, வாய் எப்படி வளைகிறது, நுனியிலுள்ள குஞ்சுப்பருவ ஓடு எந்த வடிவம் என்று அளந்து எழுதுகிறார்கள். நத்தை ஓடு பெரும்பாலும் அரகோனைட் என்னும் கனிமம் என்பதால் எளிதில் கரைந்துவிடும். சிப்பியின் கால்சைட் தாக்குப்பிடிக்கும். பல இடங்களில் நத்தைக்குப் பதில் அதன் உள்ளே நிரம்பிய சேற்றின் அச்சு மட்டுமே மிஞ்சுகிறது. மேற்பரப்பு அலங்காரம் இல்லாத அந்த அச்சை வைத்துப் புதிய இனம் அறிவிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஓட்டின் வடிவத்தை மட்டும் நம்பி இனம் பிரிக்கலாமா, இளமையும் முதுமையும் வேறு இனங்களாகத் தோன்றாதா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் ஒன்றுக்குப் பல மாதிரிகள் வேண்டும். முன்பு பெயர் வைத்தபோது அடிப்படையாகக் கொண்ட மூலமாதிரிகளோடு ஒப்பிடவும் வேண்டும். 1862-இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று குழுமங்களாகப் பிரித்தார். அந்தச் சட்டகத்தின்மேல்தான், 1867-68-இல் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா தென்னிந்தியாவின் கிரெட்டேசியக் காலத்து நத்தைகளைப் பற்றிய பெருந்தொகுதியை எழுதினார். 2000-இல் தொல்லுயிரியலாளர் கிளாஸ் பாண்டெலால் திருச்சிக் குழுமத்து நத்தைகளை மீண்டும் ஆராய்ந்து, அமெரிக்க வளைகுடாக் கரையின் நத்தைகளோடு உறவு தேட முடிந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கல்லை எடுத்துச் சரிபார்க்க வழியிருந்ததே காரணம். இன்றைய விலங்கியல் பெயரிடல் விதியும் அதையே கேட்கிறது: 1999-க்குப் பின் வெளியாகும் புதிய இனப்பெயர், மூலமாதிரி எது என்று சுட்டாவிட்டால் செல்லாது.

இன்னொரு நத்தைக்குப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது என்பது அடுத்த கேள்வி. அரியலூர்க் குழுமத்தின் மேலடுக்குகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உயிரினப் பேரழிவை ஒட்டியவை. நின்னியூர் அடுக்குகள் அதற்குப் பிந்தியவை. அழிந்தவை எவை, பிழைத்தவை எவை என்று அறிய இனங்களைப் பிரித்தறிந்திருக்க வேண்டும். பேரழிவுக்கு எந்தப் பக்கத்து அடுக்கில் கிடந்தன என்பதும் தெரியவேண்டும். அடுக்குக் குறிப்பில்லாத நத்தை இந்தக் கணக்கில் சேராது. ஓடுகளும் சூளைக்குப் போய்விடுகின்றனவே, சிமெண்டுக்குக் கல் வெட்டும் சுரங்கத்தையே மூடிவிடலாமே என்பாரும் உண்டு. ஓடை அரித்த இடங்கள் தவிர, வெட்டாத நிலத்தில் அடுக்குகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியா. சுரங்கச் சுவர்தான் அவற்றை வரிசையாகக் காட்டுகிறது. அங்கே கல்லுடைக்கும் தொழிலாளர்களின் பிழைப்பும் இருக்கிறது. எனவே நான் கேட்பது வேறு: ஓடு கண்ணில் பட்டதும் இடத்தையும் அடுக்கையும் குறித்துப் பொது அருங்காட்சியகத்தில் சேர்க்கத் தொழிலாளர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் பயிற்சி தரவேண்டும். அப்படிக் குறித்தவரின் பெயர் ஆய்வுக் கட்டுரையிலும் அச்சேற வேண்டும், ஏனென்றால் அவர் எழுதாமல் விட்டால் அந்த ஒரு வரியை எந்த ஆய்வகமும் பின்னால் நிரப்ப முடியாது.