கத்தியை முதல் நாளே தீட்டுவோம்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. உழ்ஹிய்யாவுக்கு மாடு பார்க்கிறோம், பங்கு பேசுகிறோம். கத்தியை மட்டும் கடைசி நேரத்தில்தான் தேடுகிறோம்.

கத்தியைக் கூராக்கி, அறுக்கும் பிராணிக்கு இலகு கொடுக்க வேண்டும் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து. அதன் கண்முன்னே தீட்டுவதும் நல்லதல்ல. ஆகவே முதல் நாளே வீட்டில் தீட்டி வைப்போம்.

தண்ணீர்க் கல்லென்றால் 10 நிமிடம் ஊறவைப்போம். கத்தியைச் சுமார் 20 பாகை சாய்த்து, அடியிலிருந்து நுனிவரை அதே சாய்வில் தீட்டுவோம். மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் கைக்குத் தட்டுப்பட்டதும் திருப்புவோம். கடைசியில் ஒரு தாளை வெட்டிப் பார்ப்போம்.

நம் பசறை, தெமோதரைத் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாருக்கு இது தெரியும். மழுங்கிய கத்தி பட்டால் தேயிலைக் கிளை பிளந்து, அழுகிப் போகும். செடிக்கே அவ்வளவு கவனம் என்றால், வலி அறியும் பிராணிக்கு நாம் எவ்வளவு கவனம் எடுக்க வேண்டும்!