மெக்கானிக்கலா, ஏரோவா?

ஓசூரிலிருந்து தளி போகிற ரோட்டில் பேளகொண்டப்பள்ளி என்று ஓர் ஊர். வயலும் தோட்டமுமாக வந்துகொண்டே இருக்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் திடீரென்று நீளமாக ஒரு ரன்வே தெரியும். பார்த்திருக்கிறீர்களா? ஏழாயிரம் அடி நீளம். தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற தனியார் கம்பெனியுடையது. தொண்ணூறுகளில் இத்தாலிக்காரர்களிடம் உரிமம் வாங்கி, பி-68 என்ற ஆறு பேர் உட்காரும் இரட்டை எஞ்சின் விமானத்தை இங்கேதான் செய்தார்கள். பெங்களூர் என்.ஏ.எல். வடிவமைத்த 'ஹன்சா' பயிற்சி விமானமும் இங்கே உருவானது. டி.வி.எஸ். ஐம்பது, அசோக் லேலண்ட் லாரி, டைட்டன் வாட்ச் என்று ஓசூரைத் தெரிந்துவைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால், 'சும்மா விடாதீங்க சார்' என்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டில் குப்பை கொட்டியவன் நான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். கேள்வி ஒன்றுதான். 'பையனுக்கு ஏரோப்ளேன் பைத்தியம். ஏரோநாட்டிகல்தான் படிக்கணுமா, மெக்கானிக்கல் படிச்சா சேத்துக்குவாங்களா?'

2023 ஆகஸ்ட்டில் என் மச்சான், அதாவது மனைவியின் பெரியப்பா மகன், நேரிலேயே வந்துவிட்டார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். பெங்களூரா ரகம், கூழ் பேக்டரிக்குப் போகும். கையில் மஞ்சள் பை, கூடவே மகள்.

"மாப்ளே, பாப்பாவுக்கு பர்கூர் கவர்மென்ட் காலேஜ்ல மெக்கானிக்கல் கெடச்சிருக்குது. இவளுக்கு ஏரோநாட்டிகல்தான் வேணுமாம். வெளியூர்ல ஒரு காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டு தர்றேங்கறாங்க. ரெண்டு ஏக்கரை அடமானம் வெச்சா முடிஞ்சிரும். வெச்சிரட்டுமா?"

என்னமோ காபிக்குச் சர்க்கரை போடட்டுமா என்று கேட்பதுபோல் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "மெக்கானிக்கல்னா லேத்துதானே மாமா?" என்றது. உள்ளேயிருந்து என் மாமியார், "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இரும்புப் படிப்பு?" என்று தன் பங்குக்கு ஒன்று போட்டார்.

அது சந்திரயான் 3 இறங்கிய வாரம். 23-ம் தேதி மாலை ஆறு மணிக்கு எல்லோரும் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். லேண்டர் இறங்கியதும் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் மைக்கைப் பிடித்துப் பேசினார். அவருடைய கதையை அந்தப் பெண்ணுக்கு அப்போது சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வே தொழிலாளி. பிளஸ் டூகூட இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மெக்கானிக்கல். பிறகு சாய்ராம் காலேஜில் பி.இ. மெக்கானிக்கல், திருச்சியில் எம்.இ. முதல் வேலை கோயமுத்தூர் லட்சுமி மெஷின் ஒர்க்ஸில். நூல் மில்லுக்கு மெஷின் செய்கிற கம்பெனி! அங்கிருந்து பெங்களூர் எச்.ஏ.எல். ஹெலிகாப்டர் பிரிவு, அப்புறம் இஸ்ரோ. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிஎச்.டி.

இவர் ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத், கொல்லம் டி.கே.எம். காலேஜில் பி.டெக். மெக்கானிக்கல். விமானவியல் பட்டமேற்படிப்பை அதன் பிறகுதான் பெங்களூரில் படித்தார். 2025 ஜனவரியில் அந்த நாற்காலிக்கு வந்த நாராயணன் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அவரும் டிப்ளமோ மெக்கானிக்கலில் ஆரம்பித்தவர். இன்னும் பின்னால் போனால் சதீஷ் தவான். லாகூரில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ.வும் மெக்கானிக்கல் பி.இ.யும் படித்துவிட்டு, விமானவியலுக்காக அமெரிக்கா போனவர்.

ஏன் இப்படி? விமானம் என்பது பாதிக்கு மேல் மெக்கானிக்கல் சமாசாரம். உலோகம் எவ்வளவு இழுத்தால் அறுபடும், சூடு எப்படிக் கடத்தப்படும், காற்றும் எண்ணெயும் குழாயில் எப்படி ஓடும், இதெல்லாம் இரண்டு படிப்புக்கும் பொது. றெக்கை மேல் காற்று எப்படிப் போகிறது, ஆட்டம் கண்ட விமானம் எப்படித் தானாக நிலைக்கு வருகிறது என்பவை ஏரோவில் கூடுதலாக வரும். மெக்கானிக்கல்காரர் அதை எம்.இ.யில் பிடித்துக்கொள்ளலாம். இஸ்ரோவின் ஆளெடுப்பு விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். மெக்கானிக்கலுக்கு என்று தனியாக இடங்கள் போட்டிருக்கும்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இதுவல்ல. மறுநாள் அவளைத் தெரிந்த ஒருவரின் பட்டறைக்கு அழைத்துப் போனேன். பட்டறை என்றால் பாவம், கோபித்துக்கொள்வார். நாலு சி.என்.சி. மெஷின். முன்பெல்லாம் லாரிக்கும் மொபெட்டுக்கும் பாகங்கள் செய்துகொண்டிருந்தவர், இப்போது பெங்களூரிலிருந்து விமானப் பாகங்களுக்கும் ஆர்டர் எடுக்கிறார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் எச்.ஏ.எல். வாசல் (டிராபிக் தெய்வம் மனசு வைத்தால்). ஆபரேட்டரோடு தமிழ், சூப்பர்வைசரோடு தெலுங்கு, பார்ட்டியோடு கன்னடம் என்று ஒரே போன்காலில் மூன்று பாஷை பேசுவார்.

அங்கே கண்ணாடி அறை ஒன்று இருக்கிறது. அளக்கிற அறை. எப்போதும் 20 டிகிரி. ஓசூரில்தான் நல்ல கிளைமேட் ஆயிற்றே, ஏ.சி. எதற்கு என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. அரை மீட்டர் நீள அலுமினியப் பாகம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மெஷினிலிருந்து சூட்டோடு எடுத்து, அறையைவிட 10 டிகிரி கூடுதலாக இருக்கும்போதே அளந்தால், அது 115 மைக்ரான் நீண்டிருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். டிராயிங்கில் கேட்டிருப்பதோ கூடக்குறைய 10 மைக்ரான். அதாவது பாகம் சரியாக இருந்தாலும் அளவு பொய் சொல்லும். தப்பான பாகம் சரி என்று தேறிவிடும். அதனால் உலகம் முழுக்க அளவு என்றால் 20 டிகிரியில் என்று ஒப்பந்தம். பாகத்தை அந்த அறையில் மணிக்கணக்கில் ஆறவைத்து அப்புறம்தான் தொடுவார்கள்.

தேறாத பாகத்தை என்ன செய்வார்கள் தெரியுமா? காயலான் கடைக்கு அப்படியே போடக்கூடாது. வெட்டி, நசுக்கி, இனி யாரும் எடுத்து மாட்டவே முடியாது என்று ஆன பிறகுதான் வெளியே விடலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எந்த உருக்காலையில், எந்த உலையில் வார்த்தது என்ற ஜாதகம் உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

இந்தக் கெடுபிடிக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 1954-ல் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு, மூன்று மாத இடைவெளியில், இத்தாலிக்கு அருகே நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. ஒரு விமானத்தின் உடம்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஏறி இறங்குவதுபோல் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். திறப்புகளின் மூலையில் விரிசல் பிறந்து கிழிந்தது. உலோகக் களைப்பு. பேப்பர் கிளிப்பை இப்படியும் அப்படியும் வளைத்தால் பட்டென்று உடைகிறதே, அதேதான். இந்தப் பாடம் மெக்கானிக்கல் சிலபஸில் இருக்கிறது. மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துபோகிற பாடம்.

அப்படியென்றால் ஏரோநாட்டிகல் வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். குரோம்பேட்டை எம்.ஐ.டி., ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி. போன்ற இடங்களில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கலாம் எம்.ஐ.டி.யில் ஏரோ படித்தவர்தானே! நான் பயப்படுவது காற்றுச் சுரங்கம் இல்லாத, காயலான் எஞ்சின் ஒன்றை வாசலில் நிறுத்திவைத்த கல்லூரிக்கு நிலத்தை எழுதிக்கொடுப்பதற்கு. பெயர்ப்பலகையில் விமானம் படம் போட்டால் போதும், நம் ஆட்கள் செக் புத்தகத்தை எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ராக்கெட் செய்யலாம் என்று ஆசை காட்டுகிறவர்களிடமும் ஜாக்கிரதை. அங்கே அந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்பார்கள்.

மெக்கானிக்கலிலும் தேன் ஆறு ஓடவில்லை. இதையும் மச்சானிடம் மறைக்கவில்லை. சிப்காட்டில் டிரெயினி என்ற பெயரில் ஷிப்டு ஷிப்டாகத் தேய்கிற பி.இ. பையன்களைத் தினமும் பார்க்கிறேன். எதிரே எலெக்ட்ரானிக் சிட்டி கூப்பிடுகிறது. பாதிப் பேர் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறார்கள். விமான வேலைக்குப் பொறுமை வேண்டும். முதல் ஐந்து வருஷம் பெரிதாகச் சம்பளம் பேசாது. ஒரு அனுகூலம், விமானம் கைவிட்டாலும் மெக்கானிக்கல்காரருக்கு லாரி இருக்கிறது, வாட்ச் இருக்கிறது, பேட்டரி ஸ்கூட்டர் இருக்கிறது. அந்த டைட்டனே வாட்ச்சில் பழகிய நுணுக்கத்தை வைத்து இன்று விமானப் பாகங்கள் செய்கிறது.

நடுவில் இன்னொரு கூத்து. 2024 ஜூனில் ஓசூருக்கு சர்வதேச விமான நிலையம் என்று முதல்வர் சட்டசபையில் அறிவித்தார். 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள். அன்றிலிருந்து போன் இரட்டிப்பாகிவிட்டது. 'ஏர்போர்ட் வருதாமே, ஏரோல சேத்துரலாமா?' ஐயா, பஸ் ஸ்டாண்டு கட்டினால் ஊரில் பஸ்ஸா செய்வார்கள்? அதிலும் பெங்களூர் விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் இன்னொன்று வரக்கூடாது என்று 2033 வரைக்கும் ஒப்பந்தம் வேறு இருக்கிறது. இதைவிட, 2018-ல் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரையும் சேர்த்தார்களே, அது எனக்குப் பெரிய சேதி. ஆனால் அதைக் கேட்டு யாரும் போன் செய்வதில்லை.

மச்சான் நிலத்தை அடமானம் வைக்கவில்லை. பாப்பா பர்கூரில் சேர்ந்தாள். முதல் வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதானாம். போன விடுமுறையில் அவளாகவே போன் செய்து, "மாமா, அந்த சி.என்.சி. கடைக்காரர்கிட்ட பத்து நாள் டிரெய்னிங் கேட்டுப் பாக்கறீங்களா?" என்றாள்.

ஐந்தாம் நாள் எட்டிப்பார்த்தேன். கண்ணாடி அறையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அலுமினிய பிராக்கெட்டை வைத்துக்கொண்டு துளையின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தாள். மூன்று முறை அளக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றும் வேறு வேறாக வந்ததாம்.

"இது எந்த ப்ளேன்ல போவும் சார்?" என்று கேட்டாள்.

"எனக்கே தெரியாதும்மா. டிராயிங் நம்பர் மட்டும்தான் குடுப்பாங்க."

அவள் நோட்டை எடுத்தாள். "அதையும் எழுதிக்காதம்மா, வெளிய போகக்கூடாது" என்றார். நோட்டை மூடிவிட்டு நாலாவது முறையாக அளக்க ஆரம்பித்தாள்.