கத்துகிற பிரேக்கும் கத்தாத பிரேக்கும்

“புதுச் செருப்பு கடிக்கும், புதுப் பிரேக் கத்தும். நாலு நாள் ஓட்டினால் எல்லாம் சரியாய்ப் போகும், சார்!”

பிரேக் பேட் மாற்றிக்கொண்டு வந்த வண்டி கீச்சென்று சப்தமிடுகிறதே என்று திரும்பப் போய்க் கேட்பவர்களுக்குப் பட்டறைகளில் கிடைக்கும் பதில் ஏறக்குறைய இதுதான். இதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஏனெனில், சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம்மவர் வீட்டுக் கார்களுக்கு வேறு ஊர்க் கார்களுக்கு இல்லாத ஒரு கடமை உண்டு. சொந்த ஊரிலிருந்து மாமியார் வந்தாலும், சம்பந்தி வந்தாலும், பெயர்கூடச் சரியாக நினைவில்லாத தூரத்து உறவினர் வந்தாலும், மறுநாளே அவர்களை ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் போய்த் தீரவேண்டும். மலையேறுவது எஞ்சினின் பாடு. இறங்குவது பிரேக்கின் பாடு.

சென்ற ஆண்டு என் தங்கையின் குழந்தைக்கு முடியிறக்கும் வேண்டுதலுக்காக ஒரு சனிக்கிழமை மலைக்குப் போவதென்று ஏற்பாடாயிற்று. முன் சக்கரங்களின் பேட்டுகள் தேய்ந்திருந்தபடியால், வியாழக்கிழமை சித்தூரில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, புதியவை போட்டு வாங்கி வந்தேன். வீட்டுத் தெரு முனையில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டது. பெடலை மெல்லத் தொட்டால் கீச்சென்ற ஓர் அலறல். அழுத்தி மிதித்தால் சப்தமில்லை. “வண்டி அழுகிறதேயப்பா!” என்றார் என் தாயார். “கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வண்டியில் மலை இறங்க வேண்டாம். பஸ்ஸில் போய்விடலாம்” என்றாள் மனைவி. பட்டறையில் கேட்டபோதுதான் மேலே எழுதிய செருப்பு வசனம் கிடைத்தது.

செருப்புக்கும் பிரேக்குக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று என்பதை இவ்விடத்தில் சொல்லவேண்டும். 1888-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற மாதரசி, கணவர் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பிரயாணம் புறப்பட்டார். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அவற்றின்மேல் தோல் அடித்துக்கொண்டார் என்பது பிரசித்தமான செய்தி. பிற்பாடு இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், குடியானவர்கள் பழைய பூட்ஸ்களைக் குதிரை வண்டியின் பிரேக்கில் வைத்து ஓட்டுவதைக் கண்டு, அதற்கென்றே தனியாக ஒரு பொருளைச் செய்யப் புகுந்தார். 1897-ல் அவர் தொடங்கிய தொழில்தான் ஃபெரோடோ. நம் நாட்டிலும் சென்னையில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-லும், ரானே பிரேக் லைனிங் 1964-லும் தோன்றின. தோல் போய் வேறு கலவைகள் வந்தாலும் தத்துவம் மாறவில்லை. ஓடுகிற ஒன்றை உரசி நிறுத்துகிறோம். உரசினால் சூடும் சப்தமும் பிறக்கும்.

சப்தம் எப்படிப் பிறக்கிறது? கரும்பலகையில் சாக்குக் கட்டியை நேராகப் பிடித்து இழுத்தால் பல் கூசுகிற மாதிரி கத்தும். சாய்த்துப் பிடித்தால் பேசாது. ஈர விரலைக் கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் ஓட்டினாலும் இதே கதைதான். ஒட்டுவதும் நழுவுவதுமாக விநாடிக்குப் பல நூறு, பல ஆயிரம் தடவை நடக்கும் அதிர்வு அது. டிஸ்க் என்னும் இரும்புத் தட்டை இரண்டு பேட்டுகள் இருபுறமும் கவ்வும்போது இத்தகைய அதிர்வு கிளம்பினால், தட்டு முழுவதும் கோயில் சேகண்டிபோல் ஒலிக்கும். அதைத் தணிப்பதற்காகவே பேட்டின் முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்கிறார்கள். சில பேட்டுகளின் ஓரங்களைச் சரிவாகச் சீவுகிறார்கள். பேட் உட்காரும் காடியில் சிறு எஃகுக் கிளிப்புகளைப் பொருத்துகிறார்கள். பேட் மாற்றும்போது பழைய ஷிம்மைத் தொலைத்துவிட்டாலும், துருப்பிடித்த கிளிப்பையே மறுபடியும் வைத்தாலும், சப்தம் நிச்சயம். இந்தக் கீச்சொலி காதுக்கு உபத்திரவமே தவிர, பெரும்பாலும் உயிருக்கு உபத்திரவமன்று.

ஆனால் எல்லாச் சப்தமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததல்ல. கரகரவென்று இரும்பை இரும்பு அரைப்பதுபோல் கேட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பேட்டை முகம் மாற்றிப் பொருத்தி, இரும்பு முதுகு டிஸ்க்கில் உரசும்படி விட்டுவிட்ட சம்பவங்களும் உண்டு. நம்புவதற்குக் கடினம், ஆனால் நடப்பதுதான். மேடுபள்ளத்தில் டக்டக்கென்று தட்டினால் காலிப்பரின் போல்ட் இறுகவில்லையோ என்று உடனே பார்ப்பது நல்லது. பின்னால் நகர்ந்து, பிறகு முன்னால் எடுத்து முதல் தடவை பிரேக் போடும்போது மட்டும் ஒரே ஒரு ‘டக்’ கேட்டால், பேட் தன் காடியில் சற்று இடம் பெயர்கிறதென்று பொருள்; கிளிப்பைக் கவனிக்கவேண்டும். பெடலைத் தொடாமலே சர்சர்ரென்று தேய்ந்தால், டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகரத் தட்டு வேலை நடக்கும்போது வளைந்திருக்கலாம், அல்லது ஒரு பொடிக்கல் சிக்கியிருக்கலாம். நம் பக்கத்துச் சாலைகளில் கல்லுக்கா பஞ்சம்?

வெள்ளிக்கிழமை காலை, நண்பர் ஒருவர் சொல்லி, வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைப்பார்கள். சித்தூர் 1953 வரையில் சென்னை மாகாணத்தோடு இருந்த ஜில்லா. அந்த வாசனை இன்னும் போகவில்லை. பாய் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார்; கோபம் வந்தால் உருது. அவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் கேட்டது, “கழற்றிய பழைய பேட் எங்கே சார்?” என்றுதான்.

பழைய உதிரிகளைக் கேட்டு வாங்கிக்கொள்வது என் வழக்கம். டிக்கியில் ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தன. நாலையும் தரையில் பரப்பி, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஜாதகம் பார்ப்பவரைப்போல் பார்த்தார். வலது சக்கரத்து ஜோடி இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. இடது சக்கரத்து ஜோடியில் வெளிப்புறத்தது பாதிக்குமேல் மிச்சமிருந்தது. உட்புறத்தது காகித அட்டைபோல் ஆகிவிட்டிருந்தது.

“சப்தம் அப்புறம். வாங்க, ஒரு சுற்றுப் போகலாம்” என்றார். புத்தலப்பட்டுச் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர், கூடியவரை பிரேக்கையே தொடாமல் ஓட்டச் சொன்னார். நிறுத்தியதும் இறங்கி, ஒவ்வொரு முன் சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. என்னையும் அவ்வாறே செய்யச் சொன்னார். வலது சக்கரம் வெதுவெதுப்பாக இருந்தது. இடது சக்கரம் இட்லிக் குண்டானிலிருந்து மூடியைத் திறந்தாற்போல் அனல் வீசிற்று.

காரணம் எளிது. இவ்வகைக் காலிப்பர் இரண்டு ஊசிகளின்மேல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லவேண்டும். அப்போதுதான் உட்பக்கத்துப் பிஸ்டன் தள்ளும் தள்ளலில் வெளிப்பக்கத்துப் பேட்டும் இழுபட்டுக் கவ்வும். பெடலை விட்டதும் இரண்டும் விலகும். ஊசியை மூடும் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, துரு ஏறியிருந்தது. ஆகவே காலிப்பர் அசையவில்லை. உட்பேட் எப்போதும் டிஸ்க்கின்மேல் உரசிக்கொண்டே இருந்தது. வியாழனன்று பேட்டுகளை மாற்றியவர்கள் ஊசியை உருவிப் பார்க்கவில்லை. புதிய பேட்டில் குற்றமில்லை. அது உட்கார்ந்த இடத்தில்தான் குற்றம்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பிடிப்பு யாதொரு சப்தமும் செய்யவில்லை. நாங்கள் வீட்டில் விவாதித்துக்கொண்டிருந்த அலறலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஷிம் இல்லாத குறை. அலறலை மட்டும் நிறுத்துவதற்கு வழிகள் ஏராளம். பேட்டின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஓரத்தைச் சீவி விட்டால் பத்து நிமிஷத்தில் அமைதி. அப்படிச் செய்திருந்தால் நாங்களும் திருப்தியாக மலைக்குப் போயிருப்போம். சில பேர் முகத்திலேயே கிரீஸ் தடவுவதுண்டு. அதைக் கொலைபாதகம் என்று நான் சொன்னால் மிகையாகாது.

மலைச் சாலை விஷயத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருமலைக்கும் திருப்பதிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 700 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுகிற சக்தி, முப்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினும் காற்றும் தாங்கியது போக மிச்சமெல்லாம் டிஸ்க்குகளில்தான் இறங்கவேண்டும். அதிலும் முன் சக்கரங்களுக்கே பெரும் பங்கு. முன்னமேயே அனல் கக்கும் ஒரு சக்கரத்துக்கு இது எப்படித் தாங்கும்? சூடு மிஞ்சினால் பேட்டின் பிடிப்புக் குறைந்துபோகும். அதைவிடப் பொல்லாதது, பிரேக் ஆயில் கொதிப்பது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையது. டாட் 3 என்னும் ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இவை 230-ம் 155-ம். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விட்டால், பெடல் பஞ்சை மிதித்தாற்போல் உள்ளே போகும். கீச்சென்றோ கரகரவென்றோ எந்த எச்சரிக்கையும் இராது. ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது, இப்பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வீண் செலவன்று.

பாய் ஊசிகளையும் ரப்பர் உறைகளையும் புதிதாகப் போட்டார்; சூட்டைத் தாங்கி ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் தடவினார்; கிளிப்புகளை மாற்றினார்; ஷிம்களை வாங்கிவரச் செய்து வைத்தார்; பழுத்த தேன் நிறமாயிருந்த ஆயிலை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றிக் காற்றை வெளியேற்றினார். தூசியை மட்டும் ஊதவேயில்லை, ஈரத் துணியால் துடைத்தெடுத்தார். பழைய நாளில் பிரேக் லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்கு யமன். இன்று பெரும்பாலான பேட்டுகளில் அது இல்லையென்றாலும், எந்த உலோகப் பொடியையும் சுவாசிப்பது நல்லதல்லவே. முடிவில் பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். பேட் மாற்றிய வண்டியில் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். அந்த முதல் மிதிகளை மிதிக்காமல் தெருவுக்கு எடுத்தால் பெடல் தரையைத் தொடும்.

கீச்சொலி அப்போதும் சிறிது இருந்தது. “இப்போது சொல்கிறேன், புதுச் செருப்பு!” என்று சிரித்தார். அதற்குள்ள சிகிச்சை பேட்டையும் டிஸ்க்கையும் பழக்குவது. அன்று மாலை, பின்னால் வண்டி வராத நீண்ட சாலையில், ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பதினைந்துக்குக் குறையும்வரை மிதமாகப் பிரேக் போட்டு, முழுவதும் நிறுத்தாமல், மறுபடி வேகமெடுத்து, இடையிடையே ஆறவிட்டு, எட்டுப் பத்துத் தடவை செய்தேன். சூடான பேட்டை அசையாத டிஸ்க்கின்மேல் அழுத்திப் பிடித்து நிற்கக்கூடாது; அதற்காகத்தான் முழுதும் நிறுத்தாதது. ஏழாவது தடவையில் சப்தம் கம்மிற்று. வீடு திரும்புகையில் அறவே இல்லை. தாயார் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “அழுகை நின்றுவிட்டது” என்று சான்றிதழ் கொடுத்தார். மனைவி இடது சக்கரத்தின் சூட்டைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். பிறகுதான் பஸ் பேச்சை விட்டாள்.

சனிக்கிழமை முடியிறக்கி, தரிசனம் முடிந்து, பிற்பகல் இறங்கினோம். 1944-ல் திறந்த முதல் மலைச் சாலைதான் இப்போது இறங்குவதற்கு. ஏறுவது பின்னால் போட்ட இரண்டாவது சாலையில். இறங்குகிறவர்கள் 40 நிமிஷத்துக்குக் குறையாமலும், ஏறுகிறவர்கள் 28 நிமிஷத்துக்குக் குறையாமலும் வரவேண்டுமென்று தேவஸ்தானம் கால அளவு வகுத்தபோது முணுமுணுத்தவர்கள் உண்டு. ஏறுவதைவிட இறங்குவதற்கு ஏன் அதிக நேரம் என்று கேட்பார்கள். பிரேக் என்பது இன்னதென்று தெரிந்தவர் வகுத்த கணக்கு அது என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது கியரிலேயே வந்தேன். எஞ்சின் முனகிற்று, முனகட்டும் என்று விட்டேன். வளைவுக்கு முன்னால் ஒரு தடவை அழுத்தி, உடனே காலை எடுத்துவிடுவது. பெடலின்மேல் காலை வைத்துக்கொண்டே வருவதில்லை. பின்னால் வந்த ஜீப்புக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காயுமுன்பே குழந்தை தூங்கிவிட்டது.

அலிபிரிக்கு வந்து சேர 50 நிமிஷம் ஆயிற்று. ஓரமாக நிறுத்தி, பாய் செய்தபடியே இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பார்த்தேன். சூடு இருந்தது, இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தது.