சிறுசேரி டு முட்டுக்காடு: அடம் இல்லை, அது ஒரு சேதி!

மாலை ஆறு மணி. சிறுசேரி சிப்காட் வாசலில் ஐ.டி. கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி வெளியே வருகின்றன. உள்ளே பட்டாம்பூச்சிச் சிறகு போல விரிந்த டி.சி.எஸ். கட்டடம். வெளியே, மாதவரத்திலிருந்து சிப்காட் வரை சுமார் 45 கி.மீ. நீளும் மெட்ரோ பாதைக்கான வேலைகள். ஹாரன், தூசி, கண்ணைக் குத்தும் ஹெட்லைட். தினமும் வந்துபோகிறவர்களுக்கே தலை வலிக்கும். ஒலியையும் ஒளியையும் மற்றவர்களைவிடக் கூடுதலாக உணரும் ஆட்டிசக் குழந்தைகள் பலருக்கு இந்த இடம் எப்படி இருக்கும்?

இங்கிருந்து இரண்டே இடது திருப்பங்கள்தான். ஓ.எம்.ஆரில் தெற்கே போய், கேளம்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பினால் கோவளம் சாலை. உப்பளம், கழி, தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகள் என்று காட்சி மாறிவிடும். கோவளத்தில் ஈ.சி.ஆரைத் தொட்டு மறுபடி இடது திரும்பினால் முட்டுக்காடு. படகுத் துறையும் தட்சிணசித்ராவும் எல்லோருக்கும் தெரியும். அதே முட்டுக்காட்டில் இருக்கும் இன்னொரு வளாகத்தின் போர்டைப் படிக்காமலே கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

அது, பல்வகை மாற்றுத்திறன் கொண்டோரை மேம்படுத்துவதற்கான தேசிய நிறுவனம். சுருக்கமாக ‘நிப்மெட்’. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் 2005-ல் தொடங்கப்பட்டது. பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, சிறப்புக் கல்வி, நடத்தைப் பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில். பிறந்த குழந்தை முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையம் 2021-ல் சேர்ந்தது. ‘பையன் லேட்டாகத்தான் பேசுவான், அவன் தாத்தாவும் அப்படித்தான்’ என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காமல் வரவேண்டிய இடம் இது.

நடத்தைப் பயிற்சியில் உலகெங்கும் பேசப்படுவது அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ், அதாவது ஏ.பி.ஏ. பெயர்தான் மிரட்டும். அடிப்படை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும். பக்கத்தை மூன்றாகக் கோடு போட வேண்டும்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பிறகு என்ன கிடைத்தது.

உதாரணத்துக்கு, கேளம்பாக்கம் சந்திப்பில் ஒரு சிறுவன் தரையில் உருண்டு அழுகிறான். ‘என்ன வளர்ப்போ’ என்று நாலு பேர் பார்க்கிறார்கள். அம்மா அவசரமாக ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. சிப்ஸுக்கான அடம் என்று முடிவுகட்டத் தோன்றும். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் வேறு கதை தெரியலாம். கடையே இல்லாத இடத்திலும் லாரி ஹாரன் அடித்ததும் அவன் உருள்கிறான். தூக்கிக்கொண்டு நகர்ந்ததும் அமைதியாகிறான். அவனுக்கு வேண்டியது சிப்ஸ் அல்ல, சத்தத்திலிருந்து விடுதலை. உருண்டு அழுவதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷை.

ஒரு பொருள் வேண்டும், யாராவது கவனிக்க வேண்டும், பிடிக்காததிலிருந்து தப்ப வேண்டும், உடம்புக்கு அந்த அசைவு இதமாக இருக்கிறது - காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று. காரணம் தெரிந்தால் அதற்கு ஈடான வேறு வழியைக் கற்றுத்தரலாம். ‘போதும்’ என்று ஒரு பட அட்டை. முதலில் அம்மா அவன் கையைப் பிடித்து எடுக்க வைப்பார். பிறகு தொட்டால் போதும். பிறகு வெறும் பார்வை. அப்புறம் அதுவும் வேண்டாம். அட்டையை நீட்டிய அந்த நொடியே அந்த இடத்தைவிட்டு நகர வேண்டும். ‘இரு, போகலாம்’ என்று பத்து நிமிடம் இழுத்தால் அட்டைக்கு மதிப்பு போய்விடும், பழையபடி தரைதான். காதை மூடும் ஹெட்போன் ஒன்று பையில் இருந்தால், அழுகையே வராமலும் போகலாம்.

இந்த முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்வுதான் இதைப் பிரபலமாக்கியது. வாரம் 40 மணி நேரப் பயிற்சி; 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளி வகுப்பைக் கடந்தார்கள் என்றது அது. ஆனால் அதில் அதட்டலும், சில சமயம் தொடையில் அடியும் இருந்தன. அப்படிப்பட்ட பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசக்காரர்கள் சிலர், ‘கையை ஆட்டுவதைக்கூட நிறுத்தச் சொன்னார்கள், அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தலையைச் சுவரில் மோதுவதை நிறுத்தத்தான் வேண்டும். சந்தோஷத்தில் கையை உதறுவதை எதற்கு நிறுத்த வேண்டும்? பயிற்சி மையம் தேடும் பெற்றோர், தண்டனை உண்டா, அறைக்குள் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

பயிற்சி அறையில் கற்றதை வெளியே பழகிப் பார்க்கவும் முட்டுக்காடு தோதான ஊர். ஒரு நாள் படகைத் தூரத்திலிருந்து பார்ப்பது. இன்னொரு நாள் துறை வரை நடப்பது. அடுத்த முறை லைஃப் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பது. அதற்கே ஒரு முறுக்கு. கூட்டமில்லாத வார நாள் காலை நல்லது. செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ராவுக்கு விடுமுறை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். போவதாகச் சொல்லிவிட்டு பூட்டிய கதவைக் காட்டினால் அன்றைய பொழுது அதோடு சரி.

கிளம்பும் முன் கார், கடல், படகு, சாப்பாடு என்று படங்களை வரிசையாக ஒட்டிக் காட்டுவார்கள். கடைசியில் வீட்டின் படமும் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், ஏறவே பயந்த பிள்ளை படகிலிருந்து இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும்!