அயல்மொழிப் பாடமும் நம் இலக்கணமும்

எம் ஊராகிய புதுவாயல், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும், ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீசிட்டிக்கும் இப்பக்கத்து இளைஞர் பலர் வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஜப்பான் சென்று பணியாற்ற விரும்புவோரும் உளர். 2019ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அயல்நாட்டுத் தொழிலாளர்க்குப் புதிய வழியொன்றைத் திறந்தது. அவ்வழியிற் செல்ல, ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலையிலோ, அதற்கு ஈடான வேறு தேர்விலோ வெற்றி பெறுதல் வேண்டும். அத்திறன் தேர்வில் ஐந்தாம் நிலை எளியது. முதல் நிலை அரியது.

என்பால் முன்பு தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர், இத்தேர்வுக்குரிய பாடங்களைக் கைப்பேசியிற் படிக்குமாறு தமிழில் அமைக்கத் தொடங்கினார். இலக்கண விளக்கம் எழுதித் தருமாறு என்னை வேண்டினார். கிடைத்த பாடங்களுட் பெரும்பாலன ஆங்கிலத்தின் வழியே ஜப்பானியத்தை விளக்கின. இது அண்டை வீட்டிற்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போவது போன்றதாம். ஜப்பானியத்திலும் வினை இறுதியில் வரும். உருபு பெயருக்குப் பின் நிற்கும். ‘நான் பேருந்தில் ஆலைக்குச் செல்கிறேன்’ என்பதை அதே வரிசையில் அம்மொழியிற் சொல்லலாம். சுசுமு ஓனோ என்னும் ஜப்பானிய அறிஞர் இருமொழிகளையும் உறவுமொழிகள் என்றார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு எவ்வாறாயினும், தொடரமைப்பின் ஒப்புமை கண்கூடு.

ஆயினும், ஒப்புமையே இடறச் செய்யும் இடமும் உண்டு. ‘வீட்டில் இருக்கிறேன்’, ‘வீட்டில் படிக்கிறேன்’ என்னும் இரண்டிற்கும் நமக்கு ‘இல்’ ஒன்றே. அவர்களோ இருத்தலுக்கு ‘நி’ என்றும், செயல் நிகழும் இடத்திற்கு ‘தெ’ என்றும் வேறு வேறு உருபு இடுவர். ஆகவே, இவ்விடத்திற்கு மட்டும் நாற்பது வினாக்கள் அமைத்தோம். பிழையான விடையைத் தொட்டால், அது ஏன் பிழை என்பது உடனே தமிழில் தோன்றும்.

எழுத்திலும் ஓர் இடர். பொன்னைக் குறிக்கும் சொல்லையும் வெள்ளியைக் குறிக்கும் சொல்லையும் நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘கின்’ என்றே ஆகும். முதலாவதில் ககரம் வலிந்தொலிக்கும், மற்றதில் மெலிந்தொலிக்கும். அவர்கள் எழுத்தின் தலையில் இரு சிறு கோடுகள் இட்டு இதனை வேறுபடுத்துவர். ஆதலின், தமிழெழுத்தில் ஜப்பானியம் எழுதுதலை இரண்டாம் பாடத்திலேயே நிறுத்திவிடச் சொன்னேன். சீன எழுத்துகளுக்கோ எழுதி எழுதிப் பழகுவதன்றி வேறு வழி அறியேன்.

கேட்டல் தேர்வில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். அங்கு மாத்திரை அறிந்த செவி பெரிதும் உதவும். ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. ஒலி என்னும் பொருளுடைய சொல்லின் நடுவே ஓர் ஒற்று மிகுந்தால், அது கணவனைக் குறிக்கும் சொல்லாகிவிடும். நம் ஒற்றுக்கு அரை மாத்திரை. அவர்கள் அதற்கு ஒரு முழு மாத்திரையளவு நேரம் தருவர். எங்கள் பாடத்திலும் முதல் வினாவை ஒரு முறையே கேட்கலாம். விடை தந்தபின்னரே மீண்டும் கேட்கலாம். இது கடுமை என்று சிலர் குறைகூறினர். தேர்வு இரக்கம் காட்டுமோ?

இப்பொழுது வினையெச்சப் பகுதியை எழுதி வருகிறோம். ‘உண்டு பார்’ என்று நாம் சொல்வது போலவே, அவர்களும் உண்ணுதலின் எச்சத்தோடு ‘பார்’ என்னும் வினையையே துணையாகச் சேர்த்துச் சொல்வர். இரவுப்பணிக்குப் புறப்பட்டு நின்ற ஓரிளைஞர் இதைக் கேட்டு, “ஐயா, இதை நான் மனப்பாடம் செய்யவே வேண்டாமே!” என்று கூறிப் பேருந்தில் ஏறினார்.